ஈர்க்குச்சி

கல்லூரி இரண்டாம் வருடம். ஹாஸ்டலில் எங்கள் அறையில் நான்கு பேர். ஒருநாள் சாயங்காலம் அறைத்தோழன் ஒருவனுடைய அலமாரியில் இருந்த நாலாயிரம் ரூபாயைக் காணோம். தேர்வுக் கட்டணத்துக்காக அவன் அப்பா கொடுத்தனுப்பிய பணம். பூட்டை யாரும் உடைக்கவில்லை, பூட்டே கிடையாது. நான் அப்போது துப்பறியும் தொடர்களாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். மொபைல் டார்ச்சை அடித்துக்கொண்டு அலமாரிக்குள் தலையை விட்டேன். கீழ்த்தட்டில், மடிக்காத துணிகளுக்கு நடுவே ஒரு ஈர்க்குச்சி கிடந்தது. விளக்குமாற்றுக் குச்சி. ஒரு விரல் நீளம் இருக்கும்.

"மச்சான், இங்க பாரு" என்று அதை எடுத்துக் காட்டியது நான்தான்.

அவ்வளவுதான். பெருக்குற அக்காவை வார்டன் அறைக்குக் கூப்பிட்டார்கள். அக்கா குச்சியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "தம்பி, பெருக்குறவ குச்சி பெருக்குற எடத்துலதான கெடக்கும்?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. ஆனால் பதில் இல்லாதது எங்களுக்கு ஒரு பொருட்டாகவும் இல்லை. அடுத்த வாரம் வேறொரு அம்மா பெருக்க வந்தார்.

அந்தக் குச்சியை வைத்து நான் செய்த வேலைக்கு ஒரு நூறாண்டு வரலாறு உண்டு என்பது பிற்பாடு படிக்கும்போதுதான் தெரிந்தது. அந்த வரலாற்றில் எனக்குப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் படித்த பிறகு அக்காவின் கேள்வி லேசாகவில்லை, கனமாகிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிரான்ஸின் லியோன் நகரத்தில் 1910ல் எட்மோன் லொக்கார் என்ற இளம் மருத்துவர் காவல்துறையை நச்சரித்து இடம் கேட்டார். நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில், கூரைக்கு அடியில் இரண்டு அறைகளும், இரண்டு உதவியாளர்களும் கிடைத்தார்கள். மருத்துவம் படித்து, சட்டமும் படித்தவர். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் படியுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னவர். தூசிமேல் அவருக்கு ஒரு தீராத காதல். 1930ல் தூசித் தடயங்களைப் பற்றி மட்டுமே மூன்று பகுதிகளாக ஒரு நீண்ட ஆய்வு வெளியிட்டிருக்கிறார். நாம் துடைத்துப் போடுகிற அழுக்கு, அவருக்கு வாசிக்கக் காத்திருக்கும் ஏடு.

இன்று தடயவியல் என்றாலே எல்லோரும் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: ஒவ்வொரு தொடுகையும் ஒரு தடயத்தை விட்டுச்செல்கிறது. லொக்கார் பெயரில்தான் அது சுற்றுகிறது. அவர் எழுதியதன் சாரம் கொஞ்சம் வேறு. குற்றம் என்பது தீவிரமான செயல், அந்தத் தீவிரத்தோடு ஒருவன் இயங்கும்போது தான் வந்துபோன அடையாளங்களை விடாமல் இருக்கவே முடியாது என்பதுதான் அவர் சொன்னது. அவர் பேசியது குற்றத்தைப் பற்றி. பிற்காலம் அதைச் சுருக்கி, பொதுவாக்கி, 'ஒவ்வொரு தொடுகையும்' ஆக்கிவிட்டது. குற்றம் செய்பவனின் தொடுகையும் அதில் அடங்கும், தரை பெருக்குபவரின் தொடுகையும் அடங்கும். இந்தச் சின்ன மாற்றத்துக்குள்தான் என் பிரச்சினை முழுவதும் இருக்கிறது.

லொக்காரின் புகழ்பெற்ற வழக்கு 1912ல் நடந்தது. மேரி லத்தேல் என்ற இளம்பெண் பெற்றோர் வீட்டில் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தாள். காதலன் எமில் கூர்பேன் ஒரு வங்கி குமாஸ்தா. சம்பவ நேரத்தில் அவன் வேறு இடத்தில் நண்பர்களோடு சீட்டாடிக்கொண்டிருந்தான் என்று நண்பர்கள் சத்தியம் செய்தார்கள். லொக்கார் அவன் நகக்கண்ணைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். தோல் செதில்கள் இருந்தன. அவற்றின்மேல் இளஞ்சிவப்பாக ஒரு தூள். அரிசி மாவு, பிஸ்மத், துத்தநாக ஆக்சைடு, மெக்னீசியம் ஸ்டியரேட், இரும்பு ஆக்சைடு நிறமி என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தால், அது முகப் பவுடர். லியோனிலேயே ஒரு மருந்துக்கடைக்காரர் மேரிக்காகக் கலந்து கொடுத்தது. விஷயத்தைச் சொன்னதும் கூர்பேன் உடைந்துபோய் ஒப்புக்கொண்டான். நண்பர்கள் வீட்டுக் கடிகாரத்தை முன்னால் நகர்த்தி வைத்திருக்கிறான். நண்பர்கள் பொய் சொல்லவில்லை, கடிகாரம்தான் பொய் சொன்னது.

முதல் தடவை படித்தபோது எனக்குப் புல்லரித்தது. மனிதன் பொய் சொல்வான், கடிகாரமும் பொய் சொல்லும், நகக்கண்ணில் ஒட்டிய பவுடர் சொல்லாது! இரண்டாம் தடவை படித்தபோது வேறொன்று உறுத்தியது. கூர்பேன் அவளுடைய காதலன். காதலியின் பவுடர் காதலன் விரலில் ஒட்டியிருப்பதில் என்ன அதிசயம்? "சாயங்காலம் அவ கன்னத்தைத் தொட்டேன் சார்" என்று அவன் சொல்லியிருந்தால்? தோல் செதில்களும் கழுத்துக் காயங்களும் அவனுக்கு எதிராக இருந்தன, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பவுடர் சொன்னது 'தொட்டான்' என்பதை மட்டும். 'கொன்றான்' என்பதைச் சொன்னது கூர்பேனின் வாய். தடயவியலின் ஆகப் பெரிய வெற்றிக் கதை, கடைசியில் ஒரு வாக்குமூலத்தில்தான் போய் முடிகிறது.

புகையைப் பார்த்து நெருப்பு உண்டு என்று அறிவதைக் கருதல் என்று நம் அளவையியல் சொல்லும். புகை நெருப்பைச் சொல்லும், சரி. அடுப்பு மூட்டியதா, வீட்டைக் கொளுத்தியதா என்பதைச் சொல்லுமா?

இதைச் சொல்லிவிட்டு, தடயவியலே ஏமாற்று வேலை என்று முடித்துக்கொள்வது சுலபம். அப்படிப் பேசுபவர்களை எனக்குப் பிடிக்காது. அதற்கு முன்னால் என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1892, அர்ஜென்டினாவில் நெகோசெயா என்ற ஊர். பிரான்சிஸ்கா ரோஹாஸ் என்பவளின் ஆறு வயது மகனும் நான்கு வயது மகளும் வீட்டில் கொலை செய்யப்பட்டுக் கிடந்தார்கள். பக்கத்து வீட்டு வெலாஸ்கெஸ்தான் கொன்றான் என்றாள் தாய். போலீஸ் அவனைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. அவன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் நாலு நாள் போயிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பானோ என்னவோ. லா பிளாத்தாவிலிருந்து வந்த அல்வாரெஸ் என்ற அதிகாரி கதவில் காய்ந்த ரத்தத்தில் ஒரு கட்டைவிரல் ரேகையைப் பார்த்தார். அந்த மரத்துண்டையே வெட்டி எடுத்தார். ரேகைகளை வகைப்படுத்தும் முறையை அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தவர் குரோவேஷியாவிலிருந்து குடியேறிய ஹுவான் வுசெட்டிச். ரேகை தாயினுடையது. குழந்தைகளின் உடலைத் தொடவே இல்லை என்று அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

அந்த ரேகை ஒருத்தியைச் சிறைக்கு அனுப்பியது என்றுதான் எல்லா நூல்களும் எழுதுகின்றன. ஒருவனை அடியிலிருந்து மீட்டது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'உண்மையைச் சொல்லும்வரை அடி' என்ற பழைய முறைக்கு மாற்றாக ஒரு மரத்துண்டு வந்தது. லாக்கப் என்ற சொல்லுக்கு நம்மூரில் என்ன பொருள் என்று தெரிந்தவர்கள் அந்த மரத்துண்டை மதிக்காமல் இருக்க முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே கதவு ரேகை மட்டும் பேசவில்லை. 'நான் தொடவில்லை' என்ற அவள் வார்த்தையோடு மோதியதால்தான் அது பேசியது. சொந்த வீட்டுக் கதவில் சொந்தக்காரியின் ரேகை இருப்பது செய்தியே அல்ல. ரத்தத்தில் இருந்ததும், தொடவில்லை என்று அவள் சொன்னதும்தான் செய்தி.

அடுத்த வருடம், 1893ல், ஆஸ்திரியாவின் விசாரணை நீதிபதி ஹான்ஸ் கிராஸ் தன் கையேட்டை வெளியிட்டார். குற்றப் புலனாய்வை ஓர் அறிவியலாக நிறுத்திய நூல் என்பார்கள். சாட்சிகளை நம்பாதே, மனிதனின் கண்ணும் ஞாபகமும் தடுமாறும், பொருள்களைப் பார் என்பது அதன் அடிநாதம். கிராஸ் பிராகில் பாடம் நடத்தியபோது மாணவர்களில் ஒருவர் பிரான்ஸ் காஃப்கா. 'விசாரணை' நாவலை இந்தத் தகவலோடு திரும்பப் படித்தால் வயிற்றைப் பிசைகிறது. அதில் ஜோசப் க.வுக்கு எதிராக ஒரு தூசுகூட எடுத்துக் காட்டப்படுவதில்லை. சந்தேகம் மட்டுமே இருக்கிறது. அதுவே போதுமானதாகவும் இருக்கிறது.

கிராஸின் அதே நூலில் ஜிப்சிகளைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. மனிதசாட்சி முன்முடிவுகளால் கெட்டுப்போனது என்று எச்சரித்தவர், நாடோடி மக்கள் இயல்பிலேயே இப்படித்தான் என்று எழுதும்போது கொஞ்சமும் தயங்கவில்லை. அந்த நூலின் ஆங்கில வடிவம் முதலில் எங்கே அச்சானது தெரியுமா? சென்னையில். 1906ல். இங்கே வழக்காடிக்கொண்டிருந்த ஆடம் என்ற குடும்பப்பெயர் கொண்ட இரு வழக்கறிஞர்கள் இந்தியச் சூழலுக்குத் தகுந்தாற்போல் மாற்றி மொழிபெயர்த்தார்கள். ஐந்து வருடம் கழித்து, 1911ல், குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்டது. மதுரைப் பக்கம் மக்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். குற்றம் நடக்கும் முன்பே, இந்தச் சாதியில் பிறந்தவன் என்பதற்காகவே கைரேகையைப் பதிவு செய்யச் சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள்.

நெகோசெயாவில் ஒருவனைக் காப்பாற்றிய அதே ரேகை. அங்கே குற்றம் முன்னால் நடந்தது, ரேகை பின்னால் வந்தது. இங்கே ரேகை முன்னால், குற்றம் எப்போதாவது வரட்டும் என்று காத்திருப்பு. நுட்பம் ஒன்றுதான், வரிசைதான் மாறிவிட்டது.

நான் அலமாரிக்குள் தலையை விட்டபோது எந்த வரிசையில் யோசித்தேன்? நேர்மையாகச் சொன்னால், குச்சியைப் பார்த்து அக்காவை நினைக்கவில்லை. அக்காவை ஏற்கெனவே நினைத்துவிட்டுத்தான் டார்ச்சை எடுத்தேன். அந்தத் தட்டில் என் தலைமுடிகூட இருந்திருக்கும். மற்ற இரண்டு அறைத்தோழர்களின் சட்டை நூல் இருந்திருக்கும். அவை எதுவும் என் கண்ணுக்குத் தடயமாகத் தெரியவில்லை, குப்பையாகத்தான் தெரிந்தன.

இது நான் கத்துக்குட்டி என்பதால் நடந்ததில்லை. அல்போன்ஸ் பெர்த்தியோன், உடல் அளவுகளை வைத்து ஆளை அடையாளம் காணும் முறையை உருவாக்கிய மேதை, 1894ல் ட்ரைஃபஸ் வழக்கில் கையெழுத்து நிபுணராக வந்தார். உளவுக் கடிதத்தில் இருந்த கையெழுத்து யூத அதிகாரியான ட்ரைஃபஸின் கையெழுத்தோடு சில இடங்களில் ஒத்துப்போகவில்லை. அதற்கு பெர்த்தியோன் தந்த விளக்கம்: மாட்டிக்கொண்டால் தப்பிப்பதற்காக அவரே தன் கையெழுத்தைப் போலிசெய்து எழுதியிருக்கிறார். ஒத்துப்போனால் குற்றவாளி, ஒத்துப்போகாவிட்டால் தந்திரக்காரக் குற்றவாளி. கணித மேதை ஹென்றி பொயன்கரே உள்ளிட்ட மூவர் அந்தக் கணக்கையெல்லாம் 1904ல் தவிடுபொடியாக்கினார்கள். 1906ல்தான் ட்ரைஃபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. பன்னிரண்டு வருடம்.

பெர்த்தியோன் காலம் மலையேறிவிட்டது, இப்போது டிஎன்ஏ இருக்கிறதே என்பீர்கள். அப்படியானால் ஹைல்பிரோன் கதையைக் கேளுங்கள். என்னை விடாமல் துரத்துகிற கதை இதுதான்.

2007 ஏப்ரல் 25. ஜெர்மனியின் ஹைல்பிரோன் நகரில் 22 வயது பெண் காவலர் ஒருவர் ரோந்துக் காரில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடன் இருந்தவர் படுகாயத்தோடு பிழைத்தார். காரில் எடுத்த மாதிரிகளில் ஒரு பெண்ணின் டிஎன்ஏ கிடைத்தது. அதே டிஎன்ஏ ஏற்கெனவே பதிவில் இருந்தது: 1993ல் நடந்த ஒரு மூதாட்டியின் கொலையில், போதை ஊசியில், பாதி தின்ற பிஸ்கெட்டில், ஒரு பொம்மைத் துப்பாக்கியில். ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று ஏறக்குறைய 40 இடங்களில். கொலையும் செய்கிறாள், தோட்டத்துக் குடிசையில் திருடவும் செய்கிறாள்! முகமில்லாத பெண் என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. தகவல் தருபவருக்கு மூன்று லட்சம் யூரோ பரிசு.

2009ல் எரிந்துபோன ஓர் ஆண் உடலை அடையாளம் காண வேண்டியிருந்தது. அது பல வருடங்களுக்கு முன் அடைக்கலம் கேட்டு விண்ணப்பித்த ஒருவராக இருக்கலாம் என்று, அவருடைய பழைய விண்ணப்பத்தில் இருந்த கைரேகையிலிருந்து மாதிரி எடுத்தார்கள். ஆணின் ரேகையில் அந்தப் பெண்ணின் டிஎன்ஏ! அப்போதுதான் யாருக்கோ பொறி தட்டியது. மாதிரி எடுக்கிற பஞ்சுக்குச்சிகளைப் பார்த்தார்கள். அவை கிருமி நீக்கப்பட்டவை. கிருமி சாகும், டிஎன்ஏ அழியாது. குச்சிகளைத் தயாரிக்கும் இடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ அது. அவ்வளவு காலமும் ஐரோப்பா தேடிய கொலைகாரி, பஞ்சுக்குச்சி பேக் செய்துகொண்டிருந்த ஒரு தொழிலாளி.

லொக்கார் தோற்கவில்லை. நூற்றுக்கு நூறு ஜெயித்தார். தொடுகை தடயத்தை விட்டுச்சென்றிருந்தது. தடயத்தைத் தேடுகிற கருவியையும் ஒரு கை தொட்டிருக்கும் என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை. பெருக்குறவ குச்சி பெருக்குற எடத்துலதான கெடக்கும்? அக்கா வார்டன் அறையில் கேட்ட கேள்வி.

இத்தோடு முடியவில்லை. அந்தத் தேடல் நடந்த வருடங்களில் விசாரணையின் சந்தேகம் யார் பக்கம் போனது? ரோமா மக்கள் பக்கம். ஊர் ஊராகத் திரிகிறவள் என்றால் ஜிப்சியாகத்தானே இருப்பாள். 1893ல் ஹான்ஸ் கிராஸ் எழுதிய அத்தியாயம் நூறாண்டு தாண்டியும் உயிரோடு இருந்தது. 2011 நவம்பரில் ஐசனாக் நகரில் ஒரு கேம்பர் வண்டியில் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். வண்டிக்குள் ஹைல்பிரோன் காவலர்களின் துப்பாக்கிகள் இருந்தன. குடியேறிகளைத் தேடித் தேடிக் கொன்ற நவநாஜிக் குழு அது. யார் கண்ணுக்கும் அவர்கள் 'திரிகிற கூட்டமாக'த் தெரியவில்லை.

நம் சமூகத்துக்கும் தொடுகை பற்றி ஒரு கோட்பாடு உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பல நூற்றாண்டுகள் நம்பிய சமூகம் இது. அதற்குத் தீட்டு என்று பெயர். லொக்காரின் கொள்கைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். லொக்காரிடம் அது பரிமாற்றம்: தொட்டவன் கொடுத்துவிட்டும் போகிறான், எடுத்துக்கொண்டும் போகிறான். மேரியின் பவுடர் கூர்பேனின் நகத்துக்கு வந்தது அப்படித்தான். தீட்டு ஒருவழிப்பாதை. கீழே இருப்பவர் தொட்டால்தான் ஒட்டும். பெருக்கும் கை பட்ட தட்டில் ஒரு குச்சி கிடந்தால், அது வேலையின் மிச்சமாகத் தெரியாமல் களவின் அடையாளமாக எனக்குத் தெரிந்ததே, அந்தக் கண் லொக்காரிடம் வாங்கியதா, வேறு எங்கேயோ வாங்கியதா?

இன்னொரு பக்கமும் யோசித்துப் பார்க்கிறேன். உலகத்தை அதிகம் தொடுகிறவர்கள் யார்? பெருக்குபவர், பாத்திரம் தேய்ப்பவர், மூட்டை தூக்குபவர், பொட்டலம் கட்டுபவர், பிணத்தைக் குளிப்பாட்டுபவர். கொலை நடந்த அறையில் அவர்களுடைய தோல் செதில் இருக்கும், வேலை செய்தார்கள் என்பதால். முதலாளியின் தடயம் வீட்டில் அவ்வளவாக இருக்காது, அவர் எதையும் அசைப்பதில்லை. தொடுகையே சாட்சி என்றால், சாட்சிக் கூண்டு எப்போதும் உழைக்கிறவர்களால்தான் நிறையும். லொக்காருக்கு இது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஒருவன் நகத்தையும் காதையும் பார்த்து அவன் என்ன தொழில் செய்கிறான் என்று சொல்ல முடியும் என்று தூசியைப் படித்தவர் அவர். தூசி முதலில் தொழிலைச் சொல்லும். குற்றத்தை அதன் பிறகுதான் சொல்லும், அதுவும் சில சமயம்.

அந்தக் குச்சி கீழ்த்தட்டுக்கு எப்படி வந்தது என்பது எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் துணியைத் தரையில் போட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போவோம். பெருக்க வரும்போது அக்கா அவற்றை அள்ளிக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் பெருக்குவார். யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பணம் கிடைத்தது. சான்றிதழ்கள் வைத்திருந்த பிளாஸ்டிக் ஃபைலில், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலுக்குப் பின்னால், அப்படியே கவரோடு. அவனே வைத்துவிட்டு மறந்திருக்கிறான். கதவைச் சாத்திவிட்டு என்னிடம் காட்டினான்.

"இப்ப போய் சொன்னா அசிங்கம்டா."

"ஆமாடா, விடு" என்றேன்.

வார்டனிடம் அக்காவின் போன் நம்பர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் பெயரே தெரியாது.